மார்கழியில் காய்ந்த சுவர்

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து ஐந்தாம் நாள், அவளுக்கு ஜேர்மன் மொழி போய்விட்டது என்று வைத்தியர் சொன்னார். போய்விட்டது என்றால் எங்கே போனது என்று நான் கேட்டேன். கோபத்தில் கேட்ட கேள்வி. அவர் பொறுமையான மனிதர். மூளையில் இரத்தம் அடைபட்ட இடத்தைப் படத்தில் காட்டி, பிற்காலத்தில் படித்த மொழி முதலில் அழிந்துபோவது சிலருக்கு நடக்கும், தாய்மொழி கொஞ்சமாவது மிஞ்சலாம் என்றார். மிஞ்சியது கொஞ்சம்தான். இஞ்சேருங்கோ, தண்ணி, நோகுது, வேண்டாம், பிள்ளை. எண்ணிப் பார்த்தால் பதினைந்து சொல் தேறாது. வலது கையும் வலது காலும் வேலை செய்யவில்லை.

இருபத்தெட்டு வருடம் ஒரு பாலர் பாடசாலைச் சமையலறையில் ஜேர்மன் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் அவள். டொச்சு என்று நாங்கள் சொல்கிற ஜேர்மன் மொழியை நான் பேசினால் கேட்டுச் சிரிப்பாள். நீங்கள் வாயைத் திறந்தால் எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், பேசாமல் பின்னாலை வாங்கோ என்று சொல்லிவிட்டு நேரம் குறித்துக் கூப்பிடுகிற எல்லா டெர்மினுக்கும் முன்னால் நடப்பாள். வங்கி, பள்ளிக்கூடம், நகரசபை எல்லாம் அவள் வாயால்தான் நடந்தது. அந்த வாய் இப்போது ஒரு தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொல்ல முடியாமல் கிடந்தது.

ஆஸ்பத்திரியும் பயிற்சி நிலையமும் முடிந்து, ஆவணி மாதத்தில் அவளை ஹைமுக்குக் கொண்டுபோனார்கள். பராமரிப்பு இல்லத்தை இங்கே எங்கள் சனம் எல்லோரும் ஹைம் என்றுதான் சொல்லும். நல்ல இடம். நல்ல பிள்ளைகள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், என்னிடம் கேட்டு நாலு தமிழ்ச் சொல்லை டொச்சு எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்தாள். நோகுதோ, தண்ணி வேணுமோ என்று அவள் வாசித்துக் கேட்கும்போது என் மனைவியின் முகம் மலரும். ஆனால் நாலு சொல்லோடு ஒரு மனிசர் எத்தனை நாள் இருக்க முடியும்? பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் அவளோடு பேசிப் பார்த்துவிட்டு, பதில் வராததால் விட்டுவிட்டார்கள். அவள் பேச்சை இழந்தவள் மட்டுமல்ல, பேச்சுக் காதில் விழாத இடத்திலும் இருந்தாள். தமிழ் கேட்கிற இடத்துக்கு அவளைக் கொண்டுவந்தால் இன்னும் பத்துச் சொல்லாவது திரும்பும் என்று நான் நம்பினேன். அந்த இடம் என் வீடு. அங்கே தமிழ் பேச மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான்.

வீடு கொலோனிலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலத் தூரத்தில், ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஒடுக்கமான செங்கல் வீடு. படுக்கையறையும் குளியலறையும் மேலே. படி பாதி வழியில் வளைந்து ஏறும். நல்ல கால் உள்ளவனே கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். கீழே கழிவறைகூட இல்லை. பராமரிப்புக் காப்புறுதியிலிருந்து ஒரு பெண் வந்து அளவு எடுத்துப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியை இதற்குள் திருப்பவே முடியாது என்று எழுதிக்கொண்டு போனாள்.

ஆனால் வீட்டுக்குப் பின்னால், சின்ன முற்றத்துக்கு அப்பால், ஒரு கட்டடம் இருந்தது. நாங்கள் அதைக் கொட்டில் என்போம். உண்மையில் அது கொட்டில் அல்ல. நூறு வருடத்துக்கு முன் உடுப்புத் தோய்ப்பதற்காகச் செங்கல்லால் கட்டியது. தண்ணீர்க் குழாய் உண்டு, கழிவு ஓடும் வாய்க்கால் உண்டு, படி இல்லை, கதவு அகலம். உலகப் போர் முடிந்த பஞ்ச காலத்தில் அதற்குள் ஆடு கட்டியிருந்தார்கள் என்று வீட்டை விற்றவர் சொல்லியிருந்தார். நாங்கள் சைக்கிள்களையும் வெங்காய மூட்டையையும் வைத்திருந்தோம். அளவெடுக்க வந்த பெண்ணை நானே கையைப் பிடித்து இழுக்காத குறையாக அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவள் சுற்றிப் பார்த்தாள். கழிவறையும் குளிக்கும் இடமும் வைத்து, சூடேற்றி, சுவரைச் சரிப்படுத்தினால் முடியும் என்றாள். முடியும் என்ற ஒரு சொல்லுக்காக அவளைக் கும்பிட்டிருப்பேன்.

காப்புறுதியிடம் உதவிப் பணம் கேட்டு ஆன்ட்ராக் எழுதினேன். ஒன்றுக்கு மூன்றாக எழுதினேன். குழாய் வேலைக்கும் மின்சார வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். சுவர் மட்டும் என் வேலை என்று சொன்னேன். கொலோனில் இருக்கிற சிநேகிதர் ஒருவர் தான் ஆள் அனுப்புவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். அவள் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் அவளுக்குச் செய்தார்கள். குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், நடை பழக்கினார்கள். நான் கதிரையில் இருந்து பார்த்தேன். இந்தச் சுவர் ஒன்றுதான் என் கையால் அவளுக்குச் செய்யக்கூடியதாக இருந்தது.

முதலில் செய்தது முழு முட்டாள்தனம். நெஞ்சளவு உயரத்துக்குப் பழைய சாம்பல்பச்சை எண்ணெய்ப் பெயின்ற், அதற்கு மேலே உதிர்ந்துகொண்டிருந்த வெள்ளை. தண்ணீர் பீய்ச்சும் மெஷினை வாடகைக்கு எடுத்துச் சுவரைக் குளிப்பாட்டினேன். ஊத்தை ஓடியது, எனக்கு உச்சி குளிர்ந்தது. நாலு நாள் விட்டு, கடையில் இருந்ததிலேயே நல்ல பெயின்றை, தண்ணீரால் துடைக்கக்கூடியது என்று வாளியில் எழுதியிருந்ததை, வாங்கி இரண்டு முறை உருட்டினேன். சுவர் ஆஸ்பத்திரிச் சுவர் போலப் பளிச்சென்று வந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் ஹம்பேர்க்கில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கைதட்டுகிற படம் அனுப்பினாள்.

மூன்றாம் கிழமை சுவர் கொப்பளித்தது. முழங்கால் உயரத்தில் உள்ளங்கை அளவு கொப்பளங்கள். விரலால் குத்தினால் உள்ளே தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் பஞ்சு போன்ற வெள்ளைப் பூ. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. பழைய கட்டடங்களுக்கான சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு ஒரு கொப்பளத்தையே தகரப்பேணியில் போட்டுக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகளின் வயதுதான், ஆனால் கோபம் என் அளவுக்கு இருந்தது. ஆடு கட்டியிருந்த கதையை நான் சொன்னதும், அது ஆட்டு மூத்திரத்தின் உப்பு, செங்கல் குடித்து வைத்திருக்கிறது, நீங்கள் தண்ணீரும் ஊற்றி வாயையும் அடைத்துவிட்டீர்கள் என்றாள். முழுவதையும் சுரண்ட வேண்டும். உப்பைத் தண்ணீர் படாமல் உலரவே துடைத்து அள்ள வேண்டும். உதிர்கிற சாந்தைக் கிண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டும். காய விட வேண்டும், நன்றாகக் காய விட வேண்டும். பிறகு சுண்ணாம்பு. பெயின்ற் என்ற பேச்சே கூடாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் வசதி இல்லாதவன்தான் சுண்ணாம்பு அடிப்பான், இரண்டு காசு கண்டவன் பெயின்றுக்குப் போவான். ஜேர்மனியில் வீடு வாங்கிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பதா என்று என் தலைக்குள் ஒரு மடையன் இருந்திருக்கிறான். அந்த மடையனுக்கு ஆறு கிழமை செலவானது.

புரட்டாதிப் பாதியிலிருந்து ஐப்பசி முடியும் வரை சுரண்டலில் போனது. எண்ணெய்ப் பெயின்றைச் சூட்டுக் காற்றால் இளக்கி, சுரண்டியால் உரித்தேன். கம்பிப் பிறஷால் செங்கல் செங்கல்லாகத் தேய்த்தேன். செத்துப்போன ஆட்டின் உப்பு தினமும் காலையில் புதிதாகப் பூத்திருக்கும். அதைத் துடைப்பதோடுதான் என் நாள் தொடங்கும். வாயிலும் மூக்கிலும் தூசு. அறுபத்தேழு வயதில் தோள்மூட்டு இரண்டும் கழன்று விழப்பார்த்தன. பார்க்க வந்த சனம், உங்கடை உடம்பைப் பாருங்கோ, சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று புத்தி சொன்னது. சுவர் வேலை செய்கிறவனிடம் சுவரைப் பற்றிச் சொல்ல வேறு பழமொழி கிடைக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு ஹைமில் நிற்பேன். காலையில் கழுவுதல், பயிற்சி என்று அவர்களுக்கு வேலை இருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தால் நல்லது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எனக்கும் அதுதான் வசதி, வெளிச்சம் உள்ள நேரம் சுவருக்கு வேண்டும். கையைக் கழுவிவிட்டுப் போனாலும் நகத்துக்குள் செங்கல் இருக்கும். அவள் இடது கையால் என் விரலை எடுத்துப் பார்த்துவிட்டு விடுவாள். நான் கைபேசியில் படம் காட்டுவேன். இண்டைக்கு இந்த மூலை முடிஞ்சுது, நாளைக்கு யன்னல் பக்கம் என்பேன். அவள் ஒவ்வொரு படத்தையும் நேரம் எடுத்துப் பார்ப்பாள். எப்ப என்று ஒரு நாள் கேட்டாள். அந்தச் சொல் அவளிடம் மிஞ்சியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். சந்தோசத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுவர் காயட்டும், காய்ஞ்ச உடனை என்றேன்.

முதல் தடவை பதறிக் கெடுத்தவன் இரண்டாம் தடவை பதறக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். பதறாத காரியம் சிதறாது. அந்தப் பழமொழியை நான் மந்திரமாகச் சொல்லிக்கொண்டு கார்த்திகை முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடேற்றியைச் சின்னதாக எரியவிட்டு, நாளுக்கு இரண்டு தரம் கதவையும் யன்னலையும் திறந்து வைத்தேன். ஈரம் அளக்கிற கருவி ஒன்று வாங்கிச் சுவரின் பத்து இடங்களில் குத்திக் குத்திப் பார்ப்பேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒரு பழக்கமாகிவிட்டது.

கார்த்திகை முடிகிற தறுவாயில் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினேன். அது எனக்குத் தெரிந்த வேலைதான். பாலைவிடத் தண்ணியாகக் கரைத்து, சுவரை இலேசாக நனைத்து, அகலப் பிறஷால் குறுக்கும் நெடுக்குமாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. அழுக்குத் தண்ணீர் பூசியதுபோல் இருக்கும். அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால் வெளுத்திருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு பூச்சு. நாலாவது காய்ந்தபோது செங்கல்லின் வடிவம் மட்டும் மெல்லத் தெரிய, சுவர் முழுக்க ஒரே வெள்ளை. உப்புப் பூக்கவில்லை. கருவி எல்லா இடத்திலும் நல்ல எண் காட்டியது. கடைப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்போ முடிந்தது, கட்டிலைப் போடுங்கள் என்றாள்.

அன்றைக்கு மார்கழி பிறக்க மூன்று நாள் இருந்தது. அன்றைக்கே ஹைமுக்குச் சொல்லியிருந்தால், அதற்குள் அவளைக் கூட்டி வந்திருக்கலாம். ஆனால் யன்னலுக்குக் கீழே ஓர் இடத்தில் நாலு செங்கல் கொஞ்சம் சிவந்து தெரிந்ததுபோல் எனக்கு இருந்தது. இன்னொரு பூச்சு என்று நினைத்தேன். அடித்தேன். காய இரண்டு நாள் விட்டேன். அந்த நாலு செங்கல்லும் அப்படியேதான் தெரிந்தன. அவற்றின் நிறம் அது. மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழியில் எங்கள் ஆட்கள் வீடு குடிபூருவதில்லை. கல்யாணம் இல்லை, பால் காய்ச்சுவதில்லை, புது இடத்தில் வாழத் தொடங்குவதில்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தி வைப்போம். இதை நம்பினவள் அவள், நான் இல்லை. ராகுகாலம் பார்த்து அவள் வெளிக்கிடப் பிந்தி நாங்கள் தவறவிட்ட ரயில்களைச் சேர்த்தால் ஒரு நிலையம் கட்டலாம் என்று பகிடி பண்ணியவன் நான்.

ஆனால் ஒரு விசயம் உண்டு. இந்த வீட்டுக்கு நாங்கள் வந்ததே ஒரு மார்கழியில்தான். பழைய வாடகை வீட்டை விட வேண்டிய தவணை அப்போது முடிந்தது. தை வரைக்கும் ஆர் வீட்டிலையாவது இருப்பம் என்று அவள் கெஞ்சினாள். இது ஜேர்மனி, இஞ்சை மார்கழி இல்லை, டிசெம்பர்தான் இருக்கு என்று சொல்லிச் சாமான்களை ஏற்றினேன். அடுத்த வருடம் அவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த பிள்ளை, ஆண் பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. அதை இதோடு முடிச்சுப் போட்டு அவள் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு முறை மட்டும், பல வருடங்களுக்குப் பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவள் திரும்பாமல், அண்டைக்கு ஒரு மாசம் பொறுத்திருக்கலாம் என்றாள். நான் கேட்காதவன்போல் எழும்பிப் போனேன்.

அதனால் இம்முறை பொறுப்பது என்று தீர்மானித்தேன். அவள் வாய் பேச முடியாமல் கிடக்கும்போது அவளுடைய சட்டத்தை நான் மீறக் கூடாது. வாழ்நாள் முழுவதும் நான் மதிக்காத ஒன்றை இப்போதாவது மதித்து, தை மாதம் முதல் கிழமையில் ஒரு நல்ல நாள் பார்த்து, அவள் கண் முன்னாலேயே பால் காய்ச்சி, அவளைக் கொண்டுவந்து இருத்துவேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மகளுக்கு இது தெரிந்தபோது தொலைபேசியில் முதலில் சிரித்தாள், பகிடி என்று நினைத்து. பிறகு அவள் குரல் மாறியது.

"அப்பா, அது வீடில்லை, கொட்டில். கொட்டிலுக்கு என்ன குடிபூரல்?"

"தனிக் கூரை, தனிக் கதவு. இனி அவவுக்கு அதுதான் வீடு, பிள்ளை."

"அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"கேக்கத் தேவையில்லை. அவவை எனக்குத் தெரியும்."

நாலு மாசம் பொறுத்தாயிற்று, ஆக்கப் பொறுத்த எங்களுக்கு ஆறப் பொறுக்க ஏலாதோ என்றும் சொன்னேன். அவள் பேச்சை மாற்றினாள். டிசெம்பர் கடைசியில் நத்தார் விடுமுறைக்கு வாறன் என்றாள். உயிரில்லாமல் பிறந்த தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியும். நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அவள் ஊகித்திருக்க வேண்டும். அதுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவள் என்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சண்டை பிடித்திருந்தால் நான் தோற்றிருப்பேன், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் கட்டில் போட்ட படத்தை மனைவிக்குக் காட்டினேன். உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய கட்டில், பக்கத்தில் எனக்கு ஒரு மடக்குக் கட்டில், வெள்ளைச் சுவர், யன்னலில் அவள் தைத்த பழைய திரைச்சீலை. அவள் கைபேசியைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். வெளிச்சம் அணைய அணைய விரலால் தட்டி எழுப்பிப் பார்த்தாள். முடிஞ்சுதோ என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சுது. ஆனால் மார்கழி பிறந்திட்டுது. தை பிறக்கட்டும், உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்."

அவள் கைபேசியை என் மடியில் வைத்தாள். முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். மௌனம் சம்மதம் என்பார்கள். எனக்கு வசதியான பழமொழி. இவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் அவளுக்கு அடங்கிவிட்டேன் என்று அவள் நெகிழ்ந்துபோய் இருக்கிறாள் என்றுகூட எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் மனம் இலேசாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் என்னை எனக்குப் பிடிக்காமல் போகிறது.

அதன் பிறகு சுவரில் வேலை இல்லை. காலை முழுவதும் நான் சும்மாதான் இருந்தேன். அப்போதாவது காலையில் ஹைமுக்குப் போயிருக்கலாம். ஆனால் மூன்று மணி என்று பழகிவிட்டது. காலையில் கொட்டிலுக்குள் போய்ச் சூடேற்றியைப் பார்ப்பேன், கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்ப்பேன், சின்னச் சின்ன வேலை தேடுவேன். சில நாள் அவளுடைய கட்டிலில் இருந்துகொண்டு சுவரையே பார்ப்பேன். அழகாக வந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் கையால் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை. மகள் நத்தாருக்கு வந்து நாலு நாள் நின்றாள். இருவரும் சேர்ந்து பின்னேரங்களில் போனோம். அவள் தாய்க்குத் தலை இழுத்து, எண்ணெய் வைத்து, ஓயாமல் பேசினாள். போகும்போது தை பிறந்ததும் லீவு போட்டுக்கொண்டு வாறன் என்று தாயின் கையில் கொஞ்சிவிட்டுப் போனாள்.

தை பிறக்க ஆறு நாள் இருந்தது. காலை ஏழரை மணிக்கு, நான் பாண் வெட்டிக்கொண்டு நிற்கையில், ஹைமிலிருந்து அழைத்தார்கள். மறுபடியும் இரத்தக் கட்டி, இந்த முறை நுரையீரலில். கழுவிவிடப் போன நேரத்தில் மூச்சு முட்டியிருக்கிறது, ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைப் படுக்கையாக்கி, கையை நெஞ்சில் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு நாள்தான் நான் அங்கே காலையில் போனது.

நான் அழவில்லை. கட்டிலடியில் நின்று, ஆறு நாள், ஆறு நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். தமிழில் சொன்னதால் அங்கே யாருக்கும் விளங்கவில்லை. பிறகு வந்த மகள்தான் என்னைப் பிடித்து இருத்தினாள். அவள் என்னிடம் ஒரு சொல் குற்றமாகச் சொல்லவில்லை. அவள் தாயின் பிள்ளை.

காரியங்கள் நடந்தன. கொலோனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் சனம் வந்தது. நல்ல மனுசி, கஷ்டப்படாமல் போட்டுது என்றார்கள். மார்கழியில் செத்தால் சொர்க்கவாசல் திறந்திருக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். பதில் சொன்னால் கத்திவிடுவேன் என்று தெரிந்ததால் வெளியே போய் நின்றேன்.

எட்டாம் நாள் அறையைக் காலி செய்யப் போனோம். அதற்குள் தை பிறந்துவிட்டிருந்தது. மகள் பெட்டிகளைக் காருக்குக் கொண்டுபோனாள். தலைமாட்டில் தமிழ்ச் சொல் எழுதி ஒட்டிய அந்தப் பெண், அலுமாரியிலிருந்து மிச்ச உடுப்புகளை எடுத்து எனக்கு மடித்துத் தந்தாள். கடைசியாகக் கடும் நீலக் கோட்டை எடுத்தபோது சற்று நின்றாள். இதை உங்களிடம் கேட்கலாமா என்று கேட்டாள்.

நத்தாருக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, கட்டில் போட்ட அந்தப் படத்தை நீங்கள் காட்டிய அடுத்த நாளிலிருந்து என்று நினைக்கிறேன் என்று தொடங்கினாள். தினமும் காலையில் கழுவி உடுத்திவிட்டதும் என் மனைவி அலுமாரியைக் காட்டுவாளாம். கோட்டைப் போட்டுவிடும் வரைக்கும் சாப்பிட மாட்டாளாம். போட்டதும் சக்கர நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் விடச் சொல்லிக் கை காட்டுவாள். மேல்பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அங்கேயே இருப்பாள். சாப்பாட்டோடு கழற்ற விடுவாள். அடுத்த நாள் காலையில் மறுபடியும். எங்களுக்கு அவர் சொல்வது விளங்கவில்லை, குளிருகிறது என்று நினைத்து ஒவ்வொரு நாளும் அறையின் சூட்டைக் கூட்டிவிட்டோம் என்றாள்.

"அவருக்கு அவ்வளவு குளிராகவா இருந்தது?" என்று கேட்டாள். இரண்டு கையிலும் கோட்டை வைத்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டதாக அந்தப் பிள்ளை பயந்துகொண்டிருந்தாள்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலிருந்து என் மனைவி கோட்டின் பொத்தானைப் பூட்டினதே இல்லை. பனிக்குள் விரிந்த கோட்டோடு நடப்பாள், பூட்டும் பூட்டும் என்று நான் பின்னால் சொல்லிக்கொண்டு போவேன்.

"ஓம்," என்றேன் அந்தப் பெண்ணுக்கு. தமிழில் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திருப்பி டொச்சில் சொன்னேன். அவளுக்கு எப்போதும் குளிர் தாங்காது என்றேன்.